தட்டிய கதவு திறந்தது!

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். ஆனால் ஓர் ஊரில் விருந்தாளிகள் நான்கு ஆண்டுகள் தங்கினார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள். எல்லோரும் ஊராருக்கு முன்பின் தெரியாதவர்கள். அவர்களை ஒளித்து வைத்தால் சிறைதான். உயிரே போனாலும் போகும். அது தெரிந்தும் ஊரார் கதவைத் திறந்தார்கள்.

அந்த ஊரின் பெயர் லெ ஷாம்போன். பிரெஞ்சு நாட்டின் தென் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லின்யோன் என்ற சிற்றாறு அருகே ஓடுகிறது. சுற்றிலும் பைன் மரக் காடு. கருங்கல் வீடுகள். குளிர்காலம் மிகவும் நீளம். கோடையில் நகரவாசிகள் காற்று வாங்க வருவார்கள். அவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டு ஊரார் நாலு காசு பார்ப்பார்கள். மற்ற நாட்களில் உருளைக்கிழங்கும் பாலும்தான் பிழைப்பு. பணக்கார ஊர் அல்ல.

பாட்டிமார் சொன்ன கதை

பிரெஞ்சு நாட்டில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். இந்த ஊராரில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர்கள்.

1685-ம் ஆண்டு, 14-ம் லூயி மன்னர் புராட்டஸ்டண்டு மதத்துக்குத் தடை போட்டார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்களைப் பிடித்துச் சென்று கப்பலில் துடுப்பு வலிக்க வைத்தார்கள். பெண்களைக் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். மரி துரான் என்ற பெண்மணி 1730-ல் சிறைக்குள் போனார். 1768-ல்தான் வெளியே வந்தார். மொத்தம் 38 ஆண்டுகள்! "என் மதத்தை விட்டு விடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. அவர் சொல்லவில்லை.

இந்தக் கதைகளை ஊரில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். துரத்தப்படுவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இன்னொரு பழக்கமும் அங்கே இருந்தது. மலைக்குக் கீழே சேந்த் எத்தியேன் என்ற சுரங்க நகரம் உண்டு. அங்கே தொழிலாளர்களின் பிள்ளைகள் கரிப்புகையில் நோஞ்சான்களாக வளர்ந்தார்கள். 1893-ல் லூயி கோன்த் என்ற போதகர் அவர்களை மலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். குடியானவர்கள் அந்தப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் இது நடந்தது. அயலார் பிள்ளைக்கும் சேர்த்துத் தட்டு வைப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

போதகர் தம்பதி

1934-ல் இந்த ஊர் ஆலயத்துக்கு ஒரு புதிய போதகர் வந்தார். பெயர் ஆந்திரே திரோக்மே. யுத்தம் கூடாது, யாரையும் கொல்லக் கூடாது என்பதில் உறுதியானவர். அவர் மனைவி மக்தா அம்மையார் இத்தாலியில் பிறந்தவர். நான்கு குழந்தைகளின் தாய்.

1938-ல் திரோக்மேயும் அவர் நண்பர் எதுவார் தெய்ஸ் என்ற போதகரும் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். தொடக்கத்தில் 18 மாணவர்களே படித்தார்கள். பிறகு அகதிப் பிள்ளைகள் வந்து சேர, பள்ளி பெரிதாக வளர்ந்தது. வேலை இழந்து ஓடி வந்த அகதிகள் சிலர் அங்கே ஆசிரியர்கள் ஆனார்கள்.

1940-ல் ஹிட்லரின் படை பிரெஞ்சு நாட்டைத் தோற்கடித்தது. ஜுன் மாதம் 22-ந் தேதி போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கிழட்டுத் தளபதி பேத்தேன் ஆட்சித் தலைவரானார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களை, ஜெர்மனி கேட்டால் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போதகர்கள் இருவரும் சபையாரிடம் பேசினார்கள். மனச்சாட்சிக்கு விரோதமான கட்டளைக்குப் பணிய வேண்டாம். ஆயுதம் எடுக்கவும் வேண்டாம். மன உறுதியே நம் ஆயுதம் என்பது அவர்கள் பேச்சின் சாரம். ஒப்பந்தத்தில் மை காய்வதற்குள் இந்த ஊர் தன் வழியைச் சொல்லிவிட்டது.

முதல் விருந்தாளி

அந்த ஆண்டு குளிர்காலத்தில் போதகர் இல்லத்தின் கதவை யாரோ தட்டினார்கள். மக்தா அம்மையார் திறந்தார். பனியில் நனைந்து நடுங்கியபடி ஒரு பெண் நின்றாள். ஜெர்மனியிலிருந்து ஓடி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டாள். அம்மையார் யோசிக்கவில்லை. உள்ளே அழைத்து அடுப்பருகே உட்கார வைத்தார்.

பிறகு ஊர்த் தலைவரிடம் போனார். அந்தப் பெண்ணுக்குத் தங்குவதற்குச் சீட்டுக் கிடைத்தால் போதும் என்று நினைத்தார். ஊர்த் தலைவரோ சீறி விழுந்தார். ஓர் அந்நியப் பெண்ணுக்காக ஊரையே ஆபத்தில் மாட்டி வைப்பதா என்று கேட்டார். அன்று அம்மையார் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். இனி உதவி செய்வது என்றால் சட்டத்துக்குத் தெரியாமல்தான் செய்ய வேண்டும்!

செய்தி மெல்லப் பரவியது. அகதிகள் ஒவ்வொருவராக மலை ஏறி வந்தார்கள். அப்போது தெற்குப் பிரெஞ்சுப் பகுதியில் பல முகாம்கள் இருந்தன. முள் கம்பி, சேறு, பசி, நோய். குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினர் அங்கிருந்து குழந்தைகளை வெளியே எடுக்க முயன்றார்கள். ஆனால் எடுத்த குழந்தைகளை எந்த ஊர் ஏற்கும்? அந்தக் கேள்வி திரோக்மேயிடம் வந்தது. அவர் சபையாரைக் கேட்டார். சபையார் சரி என்றார்கள்.

குவேக்கர்களும் ஸ்விட்சர்லாந்து நாட்டு உதவிச் சங்கமும் பணம் கொடுத்தார்கள். ஊரில் குழந்தைகளுக்கென்றே விடுதிகள் திறந்தன. ஸ்விட்சர்லாந்துச் சங்கத்தின் விடுதிகளை ஆகஸ்ட் போனி என்ற இளைஞர் கவனித்தார். கோடையில் நகரவாசிகளுக்கு வாடகைக்குப் போன அறைகளில் இப்போது அகதிகள் உறங்கினார்கள்.

வேலை நடந்த விதம்

திரோக்மே தம் சபையைப் பதின்மூன்று பகுதிகளாகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர். அவர்கள் போதகருடன் கூடி வேதம் படிப்பார்கள். பிறகு தத்தம் பகுதிக்குப் போய் வீட்டுக்காரர்களிடம் பேசுவார்கள். உபதேசம் போன அதே வழியில் உதவியும் போயிற்று. எழுத்தில் எதுவும் இல்லை. பட்டியலும் இல்லை.

பக்கத்து வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. தெரியாவிட்டால் காட்டிக் கொடுக்க முடியாது அல்லவா?

போலீஸ் வண்டி மலை ஏறுவது தெரிந்தால் போதும். வீட்டுக்கு வீடு செய்தி போகும். அகதிகள் காட்டுக்குள் போய் விடுவார்கள். போலீசார் போன பிறகு ஊரார் காட்டுக்குப் போய் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பாட்டுக் கேட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னும் சிலரை இளைஞர்கள் இரவோடு இரவாக ஸ்விட்சர்லாந்து எல்லைக்குக் கூட்டிப் போனார்கள்.

போலி அடையாள அட்டைகளும் போலி ரேஷன் கார்டுகளும் தயாராயின. இதுதான் மக்தா அம்மையாருக்கு மனவேதனை. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர். உயிரைக் காக்கத்தான் பொய் என்றாலும், அவர் மனம் சமாதானம் அடையவே இல்லை. ஆனாலும் அட்டை கொடுப்பதை நிறுத்தவில்லை.

இது புராட்டஸ்டண்டு சபை மட்டும் செய்த வேலை அல்ல. கத்தோலிக்கர்களும் உதவினார்கள். மதமே வேண்டாம் என்றவர்களும் உதவினார்கள். சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து கொண்டன.

பஸ்கள் வந்தன

1942-ம் ஆண்டு ஜுலை 16, 17-ந் தேதிகளில் பாரிஸ் நகரில் சுமார் 13,000 யூதர்களைப் பிரெஞ்சுப் போலீசாரே பிடித்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளும் அதில் அடக்கம். அடுத்த மாதம் இளைஞர் நல மந்திரி லமிரான், லெ ஷாம்போனுக்கு வந்தார். பள்ளி மாணவர்கள் அவரிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிஸ் கொடுமையை அது கண்டித்தது. எங்கள் ஊரிலும் யூதர்கள் உண்டு. பிடிக்க வந்தால் ஒப்படைக்க மாட்டோம் என்றும் சொன்னது. மந்திரியின் முகம் வெளுத்தது!

சில நாட்களில் போலீசார் பஸ்களோடு வந்து இறங்கினார்கள். யூதர்களின் பட்டியலைக் கொடு என்று போதகரைக் கேட்டார்கள். தம் மந்தையின் ஆடுகளை மேய்ப்பன் காட்டிக் கொடுப்பானா? அவர் மறுத்துவிட்டார். போலீசார் வீடு வீடாகத் தேடினார்கள். பஸ்கள் காலியாகவே கிடந்தன. ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்த அவருக்கு ஊரார் தின்பண்டங்களைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். பிறகு அவரும் விடுதலையானார்.

1943-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி இரு போதகர்களையும், தார்சிசாக் என்ற தலைமை ஆசிரியரையும் போலீசார் கைது செய்தார்கள். பிடிக்க வந்த போலீசாரையும் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார் மக்தா அம்மையார். சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவதுதானே முறை என்பது அவர் எண்ணம். செய்தி கேட்டு ஊரார் வரிசையாக வந்தார்கள். மெழுகுவர்த்தி, மீன் டப்பா, சாஸேஜ் என்று வீட்டில் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு வந்தார்கள். யுத்த காலத்தில் அவை கிடைக்காத பொருட்கள். சில வாரங்களில் மூவரும் விடுதலையானார்கள். அரசுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்துப் போடச் சொன்னபோது போதகர்கள் போடவில்லை.

கொடுத்த விலை

எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. 1943-ம் ஆண்டு ஜுன் 29-ந் தேதி காலை. ஜெர்மன் ரகசியப் போலீசார் மாணவர் விடுதி ஒன்றைச் சூழ்ந்து கொண்டார்கள். அதை நடத்தியவர் தானியேல் திரோக்மே, போதகரின் உறவினர். இளம் ஆசிரியர். இருதய நோய் உள்ளவர். அந்த நேரம் அவர் வேறொரு விடுதியில் இருந்தார். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தம் மாணவர்கள் இருக்கும் இடத்துக்கே போனார்.

அன்று பதினெட்டு மாணவர்கள் கைதானார்கள். அங்கிருந்த ஒரு ஸ்பெயின் நாட்டு மாணவன் மட்டும் தப்பினான். சில நாட்களுக்கு முன் ஆற்றில் மூழ்கிய ஜெர்மன் சிப்பாய் ஒருவனை அவன் காப்பாற்றியிருந்தான். மக்தா அம்மையார் ஜெர்மன் அதிகாரிகளிடமே போய் அதை எடுத்துச் சொல்லி அவனை மீட்டார். மாணவர்களில் பலர் திரும்பி வரவில்லை. தானியேலும் வரவில்லை. 1944 ஏப்ரலில் போலந்து நாட்டின் மைதானெக் முகாமில் அவர் இறந்தார். ஊர் டாக்டர் ரோஜே லெ போரெஸ்தியேயும் அதே ஆண்டு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1944 செப்டம்பரில் ஊருக்கு விடுதலை கிடைத்தது. அதற்குள் அந்த மலைப் பகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்திருந்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலோர் யூதர்கள். பட்டியல் எழுதி வைக்காததால் சரியான கணக்கு இனிக் கிடைக்காது.

பெருமை பேசாத ஊர்

யூதர்களைக் காத்தவர்களுக்கு இஸ்ரேல் நாட்டின் யாத் வஷேம் நிலையம் விருது வழங்குகிறது. பெரும்பாலும் அது தனி மனிதர்களுக்குத்தான். 1990-ல் இந்த ஊர் முழுவதையும், சுற்று வட்டாரத்தையும் சேர்த்தே அது கௌரவித்தது. 2013-ல் ஊரில் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது.

1944 மார்ச்சில், அந்த ஆபத்தின் நடுவே, அகதித் தம்பதி ஒருவருக்கு அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் திரைப்பட இயக்குநரான பியேர் சோவாழ்தான் அந்தக் குழந்தை. அவர் ஊருக்குத் திரும்பிப் போய்க் கிழவர் கிழவிகளைக் கேட்டார்: ஏன் செய்தீர்கள்? அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வந்தார்கள், வைத்துக் கொண்டோம், இதில் என்ன பெரிய காரியம் என்பதுபோல் பார்த்தார்கள்.

2020 டிசம்பரில் ஒரு முதியவர் 90-வது வயதில் காலமானார். ஆஸ்திரியாவில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் லெ ஷாம்போனில் அடைக்கலம் புகுந்தவர். அவர் உயிலைப் பிரித்தபோது எல்லோரும் வியந்தார்கள். ஏறத்தாழ 20 லட்சம் யூரோவை ஊருக்கே எழுதி வைத்திருந்தார். நம் பணத்தில் பல கோடி ரூபாய். பிள்ளைகளின் படிப்புக்கும் இளைஞர்களின் நன்மைக்கும் செலவிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அந்தப் பையன் வந்த நாளில், அவன் என்ன தருவான் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பசிக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.