கடாரத்து அடுக்களையும் கலிங்கத்துக் களமும்

கோலாலம்பூர் 1857ஆம் ஆண்டளவில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களால் உருவான நகரம். அங்குள்ள பிரிக்பீல்ட்ஸ், பெயர் சொல்வதுபோலவே, செங்கல் சூளைகளைச் சுற்றி எழுந்த பேட்டை. எனவே, இடைக்காலத்தைக் களமாகக் கொண்ட திகில் சிறுகதைக்குக் கரு தேடும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் எழுத்தாளர் வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக ஐரோப்பியக் கோட்டைகள்வரை போகத் தேவையில்லை. இராசேந்திர சோழனின் கடற்படை 1025இல் தாக்கிய கடாரம், அதாவது இன்றைய கெடா மாநிலம், வடக்கே அருகிலேயே உள்ளது.

கெடாவின் தொன்மக் கதைகளையும் அரச மரபையும் சேர்த்துச் சொல்லும் மலாய் உரைநடைக் காப்பியம் 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா'. அதில் வரும் ராஜா பெர்சியோங், அதாவது கோரைப்பல் அரசன், ஒருநாள் உண்ட கீரைக்கறி வழக்கத்தைவிடச் சுவையாக இருக்கவே, காரணம் கேட்டு மிரட்டுகிறான். வெட்டுப்பட்ட விரலின் இரத்தம் கறியில் சிந்தியதைச் சமையல் செய்தவர் ஒப்புக்கொள்கிறார். அன்றுமுதல் தண்டனை பெற்ற கைதிகளின் இரத்தம் அரசனின் உணவாகிறது. பின்னர் குற்றமற்றவர்களும் பலியாக, அமைச்சரும் மக்களும் திரண்டு அவனைத் துரத்துகின்றனர். அவன் தன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடமே 'எறி' என்று பொருள்படும் பாலிங் என்பது நாட்டார் வழக்கு.

இதற்கு இணையான காட்சி தமிழ்ப் பரணி இலக்கியத்திலும் உண்டு. ஆயிரம் யானைகளைப் போரில் கொன்ற வீரனைப் பாடும் நூல்வகை பரணி. சோழரின் கலிங்க வெற்றியை 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், பசியால் வற்றிய பேய்கள் போர்க்களத்திலேயே பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்து, ஒழுங்காகப் பந்தியில் அமர்கின்றன. கடாரம் கொண்ட பெருமையும் அதே நூலில் பேசப்படுகிறது.

இரண்டிலும் அச்சம் பிறக்கும் இடம் அடுக்களை. ஆனால் பரணியில் பேய்களின் பசியை அரசனின் வெற்றி தீர்க்கிறது. கெடாவிலோ அரசனே பேயாகிறான். புலவர் வாழ்த்தாகப் பாடியதையே தோற்றவர் பக்கம் நின்று பார்த்தால் திகிலாகிறது என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர் உணர்வர்.

மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் எழுதிய கதையைக் கொண்டு ஜமில் சுலோங் இயக்கிய 'ராஜா பெர்சியோங்' 1968இல் திரைப்படமாக வெளிவந்தது. ஆனால் பரணியையும் ஹிக்காயாட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு மலேசியத் தமிழருக்கே இயல்பாக வாய்த்தது. அந்த வாசிப்பைச் சிறுகதையாக்குவதும் அவர்கள் பொறுப்பே.