குருத்தெலும்புச் செல்லில் அமிலத்தன்மையும் கால்சியம் சமநிலையும்

முன்னுரை

மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அங்குள்ள செல்கள் தமக்கு வேண்டிய குளுக்கோசை மூட்டுநீரிலிருந்து பரவல் வழியாகப் பெறுகின்றன. ஆக்சிஜன் குறைந்த அச்சூழலில் அவை பெரும்பாலும் குளுக்கோசை லாக்டிக் அமிலமாகச் சிதைத்தே ஆற்றல் ஈட்டுகின்றன. எனவே அமிலத்தை வெளியேற்றுவது அவற்றின் இடையறாத பணியாகும். அப்பணி செல்லின் கால்சியம் சமநிலையோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும், அதனை அளவிடுகையில் கருத வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புறச்சூழல்

செல்களைச் சூழ்ந்துள்ள தளப்பொருளில் அக்ரிகன் போன்ற புரோட்டியோகிளைக்கன்கள் செறிந்துள்ளன. அவற்றின் எதிர்மின் சுமை சோடியம், கால்சியம், புரோட்டான் ஆகிய நேர்மின் அயனிகளை ஈர்க்கிறது. பைகார்பனேட் போன்ற எதிர்மின் அயனிகளை விலக்குகிறது. ஆகவே இரத்தத்தின் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 7.4 ஆக இருக்க, குருத்தெலும்பில் அது 6.9 முதல் 7.2 வரை உள்ளது. பி.எச். மடக்கை அளவு என்பதால், 7.4இலிருந்து 6.9க்கு இறங்குவது புரோட்டான் செறிவு ஏறத்தாழ மூன்று மடங்காவதைக் குறிக்கும். மூட்டின் மீது எடை அழுந்தும்போது நீர் வெளியேறி மின்சுமை மேலும் செறிவடைவதால் அமிலத்தன்மை இன்னும் கூடுகிறது.

சோடியம் வழியிலான பிணைப்பு

செல்லினுள் கட்டற்ற கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார். வெளியில் அது மில்லிமோலார் அளவில் உள்ளது. பத்தாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாட்டைக் காப்பவற்றுள் ஒன்று சோடியம்–கால்சியம் பரிமாற்றி. இது மூன்று சோடியம் அயனிகளை உள்ளே விட்டு ஒரு கால்சியம் அயனியை வெளியேற்றுகிறது. அமிலத்தை வெளியேற்றும் முதன்மைக் கருவியான சோடியம்–புரோட்டான் பரிமாற்றியும் உள்நுழையும் சோடியத்தைக் கொண்டே இயங்குகிறது. செல்லின் உட்புறம் அமிலமாகும்போது அதன் வேகம் கூடுகிறது. அவ்வாறு நுழையும் சோடியத்தைச் சோடியம்–பொட்டாசியம் எக்கி உடனுக்குடன் வெளியேற்ற இயலாதபோது, கால்சியத்தை வெளியேற்றும் உந்துவிசை குன்றுகிறது. அமிலச் சுமை இவ்வாறு கால்சியச் சுமையாக மாறக்கூடும். குருதியோட்டம் தடைப்பட்டு மீளும் இதயத் தசையில் இத்தொடர் நன்கு அறியப்பட்டதாகும்.

பிணைப்பு ஒருவழிப்பட்டதன்று. செல்சவ்விலுள்ள கால்சியம் எக்கி, கால்சியத்தை வெளியேற்றுகையில் புரோட்டான்களை உள்ளே கொணர்கிறது. மேலும், செல்லினுள் உள்ள புரதங்களில் கால்சியம் பிணையும் இடங்களுக்குப் புரோட்டான்களும் போட்டியிடுகின்றன.

அளவீட்டில் எழும் சிக்கல்கள்

முதலாவது, கால்சியத்தை அளக்கப் பயன்படும் ஃபியூரா-2 என்னும் ஒளிர்சாயம் அமிலச் சூழலில் கால்சியத்தோடு பிணையும் திறனை ஓரளவு இழக்கிறது. எனவே கால்சியம் மாறாதிருக்கையிலும் குறைந்தது போலத் தோன்றலாம். அந்தந்தப் பி.எச். மதிப்பில் சாயத்தை அளவுதிருத்தம் செய்வது இன்றியமையாதது.

இரண்டாவது, சோடியம் நீக்கிய கரைசலைப் பயன்படுத்தினால் அமில வெளியேற்றம் தடைப்படுவதோடு கால்சியம் பரிமாற்றியும் எதிர்த்திசையில் இயங்கக்கூடும். அமிலோரைடு என்னும் தடுப்பானும் உயர் செறிவில் இரு பரிமாற்றிகளையும் பாதிக்கிறது. ஆகவே இத்தகைய ஒரு சோதனையை மட்டும் கொண்டு கால்சிய உயர்வின் காரணத்தை உறுதிசெய்ய இயலாது.

மூன்றாவது, பி.எச். 7.4 கொண்ட வழக்கமான வளர்ப்பு ஊடகம் குருத்தெலும்பின் இயல்பான சூழல் அன்று. அதில் பெற்ற முடிவுகளை உயிருள்ள மூட்டுக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும்.

முடிவுரை

குருத்தெலும்புச் செல்லில் அமிலமும் கால்சியமும் சோடியத்தின் வழியே ஒன்றையொன்று சார்ந்துள்ளன. தளப்பொருளின் உருவாக்கமும் சிதைவும் இவ்விரண்டாலும் பாதிக்கப்படுவதால், மூட்டுத் தேய்வு குறித்த ஆய்வுகளில் பி.எச்., சோடியம், கால்சியம் ஆகிய மூன்றையும் இணைத்து அளவிடுதலே பொருத்தமான நெறியாகும்.