மோதிய பிறகு யாருக்கு வழி? ஈதர்நெட்டின் ‘சம உரிமை’ கணக்கு

செமஸ்டர் தேர்வு நெருங்கிவிட்டது. வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை பொறியியல் மாணவர்கள் எழுதியவை. சந்தேகமும் ஒன்றுதான்: ஒரே கேபிளில் இரண்டு கணினிகள் அனுப்பிய தகவல் மோதிக்கொண்டால் அப்புறம் என்ன ஆகிறது? பாக்கெட், புரோட்டோகால் எல்லாம் கேட்டவர்களுக்கே தெரியும். நேரே மோதலுக்குப் போய்விடலாம்.

1973 மே மாதம், கலிபோர்னியாவில் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். அங்கிருந்த ஆல்டோ கணினிகளை ஒரே கேபிளில் கோக்கும் ஈதர்நெட் யோசனை அது. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் அதை ஓடவிட்டபோது வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். முன்னோடி, ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971இல் இயக்கிய அலோஹா வானொலி வலை. அதில் யாரும் எப்போதும் அனுப்பலாம். ஒப்புகை வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். மெட்காஃப் கூடுதலாக வைத்த நிபந்தனைகள் இரண்டு. அனுப்புமுன் கேபிளில் சத்தம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அனுப்பும்போதும் கேட்டுக்கொண்டே இருந்து, மோதினால் உடனே நிறுத்த வேண்டும்.

நிறுத்தியாயிற்று. யார் முதலில் மறுபடி தொடங்குவது? முறை வைத்துக் கொடுக்க நடுவில் ஆள் கிடையாது. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது.

பின்னர் வந்த 10 மெகாபிட் ஈதர்நெட்டில் இதற்கான விடை ஒரு குலுக்கல். முதல் மோதலுக்குப் பின் ஒவ்வொரு கணினியும் 0, 1 இரண்டில் ஒன்றைத் தானே எடுக்கிறது. எடுத்த எண் எத்தனையோ அத்தனை 51.2 மைக்ரோநொடிகள் காத்திருக்கிறது. மறுபடி மோதினால் 0 முதல் 3 வரை. அடுத்து 0 முதல் 7. இப்படி இரட்டித்துக்கொண்டே 1023 வரை போகும். எத்தனை முறை அடிபட்டோம் என்பதை வைத்தே கூட்டம் எவ்வளவு என்று கணினி ஊகித்துக்கொள்கிறது. அபாரமான யோசனை, சந்தேகமே இல்லை.

ஆனால் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று நிறுவனங்களும் 1980இல் வெளியிட்ட தர ஆவணம் இன்னொன்றையும் இலக்காகச் சொல்கிறது: எல்லாக் கணினிகளுக்கும் வலையில் சம உரிமை. கூடவே ‘காலப்போக்கில் சராசரியாக’ என்று ஒரு வால். அந்த வாலைத்தான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

‘அ’, ‘ஆ’ என்று இரண்டு கணினிகள். இரண்டிடமும் அனுப்ப நிறைய இருக்கிறது. முதல் மோதலில் ‘அ’ 0 எடுக்கிறது, ‘ஆ’ 1 எடுக்கிறது. ‘அ’ ஜெயித்து அனுப்பிவிட்டது. அதன் மோதல் கணக்கு பூஜ்யமாகிவிட்டது. ‘ஆ’வின் கணக்கு அப்படியே நிற்கிறது. அடுத்த பாக்கெட்டுக்கு இரண்டும் மறுபடி மோதுகின்றன. இப்போது ‘அ’வுக்கு இது முதல் மோதல்; 0, 1இல் ஒன்று எடுத்தால் போதும். ‘ஆ’வுக்கு இரண்டாவது, 0 முதல் 3 வரை குலுக்க வேண்டும். சேர்க்கைகள் எட்டையும் எழுதிப் பாருங்கள்: ஐந்தில் ‘அ’ முந்துகிறது, ஒன்றில் மட்டும் ‘ஆ’, இரண்டில் மறுபடி மோதல். ‘அ’ மறுபடியும் ஜெயித்தால் அடுத்த சுற்றில் பதினாறுக்குப் பதின்மூன்று ‘அ’ பக்கம், ஒன்றே ஒன்று ‘ஆ’ பக்கம். ஜெயித்தவருக்கே மேலும் சாதகம்.

16 முறை முயன்றும் முடியாவிட்டால் ‘ஆ’ அந்தப் பாக்கெட்டைக் கைவிடுகிறது. அப்போதுதான் அதன் கணக்கும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. அதாவது, இழந்த பிறகே சம உரிமை. ‘அ’வுக்கு எப்போதாவது வேலை ஓயும், அப்போது ‘ஆ’ நுழையும், ஆகவே சராசரி சரியாகிவிடும் என்பது ஆவணத்தின் கணக்கு. அது பொய்யில்லை. அந்த ஒரு நொடியில் காத்திருப்பவருக்கு அதனால் பயனும் இல்லை. பாடப்புத்தகங்கள் சூத்திரத்தோடு நின்றுவிடுவதால் இந்த ஓரவஞ்சனை மாணவர் கண்ணில் படுவதில்லை.

மற்ற கேள்விகள், சுருக்கமாக.

ஈதர்நெட் 37 சதவீதத்துக்கு மேல் தாங்காதாமே? அது நேரக்கூறு பிரித்த அலோஹாவின் உச்சவரம்பு; ஈதர்நெட் அதைத் தாண்டும் என்று 1988இல் பாக்ஸும் சகாக்களும் அளந்தே காட்டினார்கள்.

ஈதர்நெட்தான் இன்டர்நெட்டா? இல்லை, முன்னது ஒரு கட்டடத்துக்குள், பின்னது வலைகளுக்கு இடையே.

வலைகளை இணைத்தது யார்? பார்க் ஆய்வகம் ‘பப்’ என்ற தன் முறையை உள்ளேயே வைத்துக்கொண்டது; விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரின் 1974 கட்டுரை வெளியே வந்தது, அதன் வழிவந்த டிசிபி/ஐபிக்கு ஆர்பாநெட் வலை 1983 ஜனவரி 1இல் மாறியது.

இன்றும் மோதல் உண்டா? ஸ்விட்சில் செருகிய இருவழி கேபிளில் இல்லை. வைஃபையில் உண்டு, அங்கேயும் ஒப்புகை வராதவர்தான் இரட்டிப்பாகக் காத்திருக்கிறார்.