அழகான வீதியில் நாமும் ஒரு நாள்

கடந்த வருடம் மாசி மாதம், கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த 26 சகோதரிகளுடன் இரத்தினபுரி மாவட்டத்துக்குப் போயிருந்தேன். அவர்களில் பெரும்பாலானோர் யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ இழந்து, குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். பலாங்கொடைப் பக்கத் தோட்டம் ஒன்றின் பெண்கள் குழுவைச் சந்தித்து, சேமிப்பு, சிறுகடன் பற்றிய அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதே எமது நோக்கம்.

பெல்மதுளையைத் தாண்டியதும் ஒரு தேநீர்க்கடை முன்னால் பஸ்ஸை நிறுத்தினோம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் வீதி வளைவில் பெரிய இரைச்சல் கேட்டது. எல்லோரும் ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டோம். இரைச்சல் கேட்டால் எமது உடம்பு முதலில் செய்வது அதுதான்.

வந்தவை கார்கள். இருவர் மட்டும் இருக்கக்கூடிய, தரையோடு ஒட்டிய, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்று வந்தன. கடைசியாக ஒரு ஜீப் வந்தது.

"கொழும்புக் கார்க் கழகத்துக்காரர். மூன்று நாள் சுற்றுப்பயணம். போட்டி ஒன்றும் இல்லை, சும்மா மலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள்" என்றார் கடைக்காரர்.

எங்களோடு வந்த வயதான அம்மா ஒருவர், "இதுக்குள்ள சாமானை எங்க பிள்ளை ஏத்துறது? கோழிக்கூட்டை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது எங்களுக்குத்தான் தெரியும். வாகனம் என்றால் எங்களுக்கு உழவு இயந்திரம். பெட்டியில் நெல்மூடையும் பிள்ளைகளும் கோழிக்கூடும். "சும்மா பார்த்துக்கொண்டு போவது" என்ற சொல்தான் எங்களுக்குப் புதிதாக இருந்தது.

இது என்ன பயணம்?

ஒரே வகைக் காரை விரும்புவோர் கழகமாகச் சேர்வது உலகில் பழைய வழக்கம். இங்கிலாந்தின் எம்.ஜி. கார் கழகம் 1930இல் தொடங்கியது. எமது நாட்டிலும் மோட்டார் வாகனக்காரரின் சங்கம் 1904இலேயே அமைந்துவிட்டது. நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத்தின் நடுவே நடைபெறும் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்போட்டி 1934இல் ஆரம்பமானது. இன்றும் இலங்கை கிளாசிக் கார் கழகம் போன்ற சங்கங்கள் இயங்குகின்றன.

பல நாள் சுற்றுப்பயணத்தில் வேகத்துக்குப் பரிசில்லை. முன்கூட்டியே ஒருவர் வழியை ஓட்டிப் பார்த்து, எங்கே திரும்புவது, எங்கே எரிபொருள் நிரப்புவது, எங்கே இரவு தங்குவது என்று குறிப்பேடு தயாரிப்பார். மலை வீதியில் ஒரு நாளைக்கு 150, 200 கிலோமீற்றருக்கு மேல் வைப்பதில்லை. வழி தெரிந்தவர் முன்னால் போவார். இயந்திர வேலை தெரிந்தவர் ஆயுதப் பெட்டியோடு கடைசி வாகனத்தில் வருவார். யாருடைய கார் நின்றாலும் கடைசி வாகனம் அவரைத் தாண்டிப் போகாது. இதுதான் அவர்களின் முக்கியமான சட்டம்.

அன்றைக்கும் அப்படி ஒரு கார் நின்றது. ஏற்றத்தில் இயந்திரம் சூடேறிவிட்டது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று, காரை ஓரமாக விட்டு ஆறும்வரை காத்திருந்தார். ஜீப்பும் அவரோடு நின்றது. ஒரு பெண் தனியாக இப்படிக் கார் ஓட்டிவருவதை எங்கள் சகோதரிகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள்.

முதல் நெடும்பயணம் ஒரு பெண்ணுடையது

பஸ்ஸில் மீண்டும் ஏறியதும் அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். இது கற்பனையல்ல, சரித்திரம்.

உலகில் காரில் முதன்முதலாக நெடுந்தூரம் போனவர் ஒரு பெண். ஜேர்மனியில் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பேர்த்தா பென்ஸ். 1888 ஓகஸ்ட் மாதம், கணவனுக்குச் சொல்லாமல், தனது இரண்டு ஆண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் இருந்த தாய்வீட்டுக்குக் காரில் போனார். அப்போது எரிபொருள் நிலையம் என்று ஒன்று கிடையாது. வழியில் மருந்துக்கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தடுப்புக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைப்பித்தார். காரை நம்பி மக்கள் வாங்கத் தொடங்கியதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம்.

அப்படி ஒரு பெண் தொடக்கிவைத்த காரியம், பின்னர் பெண்களுக்கே மறுக்கப்பட்டது. எமது நாட்டிலிருந்து எத்தனையோ பெண்கள் பணிப்பெண்களாகப் போன சவூதி அரேபியாவில், பெண்கள் வாகனம் ஓட்ட 2018 ஜூன் மாதம்தான் அனுமதி கிடைத்தது.

வீதியோரத்தில் நிற்பவர்கள்

அன்று மாலை தோட்டத்துப் பெண்களைச் சந்தித்தபோது இந்தக் கார்களைப் பற்றியும் பேச்சு வந்தது.

"காருக்காரவங்க நிப்பாட்டி எங்கள படம் புடிப்பாங்க மிஸ். கூடைய நல்லா போட்டுக்கிட்டு சிரிக்கச் சொல்லுவாங்க. லயத்துப் பக்கம் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க" என்றார் ஒரு தங்கை.

இன்னொருவர் சொன்னது இதைவிட முக்கியமானது. "மெயின் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க லயத்துல இருந்து மெயின் ரோட்டுக்கு வர்றதுதான் பெரிய பாடு. புள்ளத்தாச்சிய ஓட்டோவுல ஏத்துனா குலுங்குற குலுக்கல்ல பாதி வழியிலேயே வலி வந்துரும்."

கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு கார் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால், 200 கிலோமீற்றருக்கு 20 லீற்றர் வேண்டும். 2025இல் இருந்த ஏறத்தாழ 300 ரூபா விலையில் அது 6,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அதாவது கார்க்காரரின் ஒருநாள் எரிபொருள், கொழுந்து பறிப்பவரின் நான்கு நாள் சம்பளத்தைத் தாண்டும். 2026 வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. அப்போதும் மூன்று நாளுக்கு மேற்பட்ட சம்பளம்.

பயணம் போகிறவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் இரசிக்கும் பச்சை மலைகள் தாமாக உண்டானவை அல்ல. தென்னிந்தியாவிலிருந்து வந்த எமது முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். வீதி அமைக்கவும் ரயில் பாதை போடவும் அவர்களே அமர்த்தப்பட்டார்கள். மலையகத்தின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்தது. அதுவும் ஒரு பல நாள் பயணம்தான். முன்னோர் தாகத்தோடும் நோயோடும் கடந்த வழியை, பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடந்து கடந்தார்கள்.

படங்குக்குக் கீழே

எங்கள் குழுவில் 55 வயதான ஒரு அக்கா இருந்தார். பயணம் முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. தேநீர்க்கடையில் கார் ஓட்டிவந்த பெண் சிங்களத்தில் தண்ணீர் கேட்டபோது, எங்களில் எவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அக்காதான் சட்டென்று சிங்களத்தில் பதில் சொல்லி, போத்தலை நீட்டினார். தனக்கு அந்தப் பாஷை இன்னும் மறக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றிரவு அவர் எனக்குச் சொன்னார். இரக்வானைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977 ஓகஸ்ட் கலவரத்தின்போது அவருக்கு ஏழு வயது. லயத்தை விட்டு இரவோடிரவாக லொறியில் ஏற்றினார்கள். அப்படியே வவுனியா, பின்னர் கிளிநொச்சி. 1977இலும் 1981இலும் 1983இலும் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் வன்னிக்கு வந்தன. இதை வாசிக்கும் உங்களில் சிலரின் தாய்மாரும் அந்த லொறிகளில் வந்திருப்பார்கள். பின்னர் 2009இல் அதே குடும்பங்கள் இன்னொருமுறை எல்லாவற்றையும் இழந்தன.

"இந்த ரோட்டால நான் ஒரே ஒரு தரம்தான் போயிருக்கிறன். லொறிக்குள்ள, படங்குக்குக் கீழ. அம்மா வாயைப் பொத்திப் பிடிச்சிருந்தவ. ரோட்டை நான் காணவே இல்லை. இவ்வளவு வடிவான இடமெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

வேறு சகோதரிகளிடமும் கேட்டேன், வாழ்க்கையில் எங்கெங்கே பயணம் போயிருக்கிறீர்கள் என்று. இடம்பெயர்ந்தது, முகாமுக்குப் போனது, காணாமற்போன மகனைத் தேடிப் போனது, ஆஸ்பத்திரிக்கு, நீதிமன்றத்துக்கு, விசாரணைக்கு. சும்மா பார்த்துக்கொண்டு போன பயணம் என்று ஒன்றைச் சொன்னவர்கள் இரண்டு பேர்தான்.

மறுநாள் இரக்வானைக்குப் போனோம். அக்காவின் லயம் இல்லை. அந்த இடத்தில் தேயிலை புதிதாக நட்டிருந்தார்கள். கோயில் இருந்தது. அவர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸின் முன் ஆசனத்தை அவருக்குக் கொடுத்தோம். இரத்தினபுரி வரை ஜன்னலை மூடாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாம் என்ன செய்யலாம்?

வருடத்துக்கு ஒருநாளாவது ஒன்றுகூடி எங்காவது போய்வருவது ஆடம்பரம் அல்ல. எதற்கெடுத்தாலும் "இதெல்லாம் எங்களுக்கு எதற்கு" என்று சொல்லிப் பழகிய மனதுக்கு அது ஒரு மருந்து. எங்கள் குழு மாதம் 200 ரூபா வீதம் ஒரு வருடம் சேர்த்தது. 26 பேருக்கு 62,400 ரூபா வந்தது. பஸ் வாடகையின் பெரும்பகுதி அதிலிருந்தே போனது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனோம். இரவில் தோட்டத்துப் பெண்கள் இடம் தந்தார்கள்.

கார்க் கழகத்தாரின் ஒழுங்கு எமக்கும் உதவும். வழியை முதலே விசாரித்து எழுதி வையுங்கள். ஒரு நாளில் அதிக தூரம் வைக்காதீர்கள். நடக்க முடியாதவரின் வேகமே எல்லோருடைய வேகமாகட்டும். பொறுப்பான ஒருவர் எப்போதும் கடைசியாக வரட்டும். மலை வீதிக்கு மழைக்காலத்தைத் தவிருங்கள். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து பல உயிர்கள் போயின. நாங்கள் போய்வந்த பின்னர், 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டின் பல வீதிகளைத் துண்டித்தது. புறப்படும் முன் மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று கேட்டறிவது அவசியம்.

வாகனம் ஓட்டக் கற்க விரும்பும் பெண்பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். 18 வயது நிரம்பியவர், மருத்துவச் சான்றிதழ் பெற்று, எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். சாரதி அனுமதிப்பத்திரம் என்பது ஒரு தொழிலும்கூட.

அழகான மலைகளைப் பார்க்க வருவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. படம் எடுக்கும் முன் அந்தப் பெண்ணின் அனுமதியைக் கேளுங்கள். நகரத்து ஹோட்டலில் குடிக்கும் தேநீரில் ஒன்றைத் தோட்டத்துப் பெண்களின் கடையில் குடியுங்கள். லயத்துக்குப் போகும் பாதை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, பொத்துவில் என்று ஏறத்தாழ 430 கிலோமீற்றர் ஓடி மட்டக்களப்பில் முடிகிறது. தோட்டத்து வாசலைத் தொடும் அதே வீதிதான் கிழக்கில் எமது சகோதரிகளின் ஊர்களையும் தொடுகிறது. இந்த வருடம் அந்தத் தோட்டத்துப் பெண்கள் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலர் கடலையே கண்டதில்லை. முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். இரக்வானை அக்கா இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.