வண்ணச் சுவரின்மேற் சாந்துப் பூச்சு

சேலம், நாமக்கல் சமவெளிகளிற் பழைய வீட்டைப் புதுப்பிப்போர் சிலர், வண்ணம் தீட்டிய புறச்சுவரின்மீதே சிமெண்டுச் சாந்தைப் பூசுவிக்கின்றனர். அது நிலையாதென்போம். ஈரச் சாந்தின் நீரைச் சுவர் சிறிது உறிஞ்ச, கரைந்த சிமெண்டு அதன் நுண்டுளைகளிற் புகுந்து இறுகுதலாலேயே பூச்சுப் பற்றுகிறது. எண்ணெய் வண்ணமோ அத்துளைகளை அடைத்துவிடும். வெள்ளையடித்த படலம் தானே பொடியாய் உதிரும். சித்திரை வெயிலில் விரிந்தும் ஐப்பசி மழையில் நனைந்தும் பூச்சுப் பாளம் பாளமாய்ப் பெயரும். கீழே குழந்தைகள் விளையாடும் முற்றமாயின், சொல்லவும் வேண்டுமோ!

ஆதலின் வண்ணத்தை முற்றும் சுரண்டிக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, சிமெண்டுப் பால் தெளித்து, அது காயுமுன் பூசுதல் வேண்டும். கொத்துக்கூலி மிகையென முணுமுணுப்போர், பெயர்ந்ததை அள்ளும் கூலியையும் கணக்கிற் சேர்ப்பாராக. பூசியபின் ஏழு நாளேனும் நீர் தெளிக்க.

சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழஞ்சுவர்க்குச் சிமெண்டே ஆகாது. உள்ளீரத்தை அது வெளிவிடாது. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிறைந்த நம் நாட்டில் அச்சுவர்க்குச் சுண்ணாம்புப் பூச்சே தகும்.