ஒப்பனைச் சொற்களும் அவை குறிக்கும் பொருள்களும்

நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்துக் காட்டினார். மேனியிலும் கூந்தலிலும் பூசப்பெறும் பொருள்களின் பெயர்களை இப்பகுப்பு வழியே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பழந்தமிழர் ஒப்பனைப் பொருள்களுக்கு இட்ட பெயர்களுட் பெரும்பாலன காரணப்பெயர்கள். பொருளின் மூலம், வடிவு, வினை ஆகியவற்றுள் ஒன்றை அவை தெரிவித்தன. இக்காலப் பெட்டிகளின் மேற் காணப்பெறும் பெயர்களோ இரு கூறாகப் பிரிந்துவிட்டன. பொருளின் மூலத்தைக் கூறும் பெயர் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் சிற்றெழுத்தாகப் பின்புறம் நிற்கின்றது. முன்புறத்தில் தமிழில் நிற்கும் பெயரோ பயனை மட்டும் உறுதிமொழியாகக் கூறுகின்றது. இப்பிரிவினால் விளையும் கேடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று, உடல்நலத்தையும் தாக்குவது. இதனை இலக்கியச் சான்றுகளாலும், திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் வட்டாரத்துச் சொல்வழக்காலும் ஈண்டு ஆராய்வாம்.

இலக்கியத்தில் ஒப்பனைச் சொற்கள்

சாந்து என்பது அரைத்த குழைவு. சுண்ணம் என்பது இடித்த பொடி. நெய் என்பது தலைக்கும் மேனிக்கும் தடவும் எண்ணெய். குழம்பு என்பது சாந்தினும் நெகிழ்ந்தது. பெயரைக் கேட்ட அளவிலேயே பொருளின் வடிவு விளங்குதல் காண்க. வினைச்சொற்களும் அவ்வாறே வரையறை பெற்றன. சாந்து பூசப்படும், சுண்ணம் தூவப்படும், மை தீட்டப்படும், பொட்டு இடப்படும், தொய்யில் எழுதப்படும். 1940-ஆம் ஆண்டின் இந்திய மருந்து, ஒப்பனைப் பொருட் சட்டமும் ஒப்பனைப் பொருளை வரையறுக்குமிடத்துத் தேய்த்தல், ஊற்றல், தூவல், தெளித்தல் என வினைகளைக் கொண்டே தொடங்குகின்றது. பொருளை வினையால் அறிதல் பழமைக்கும் புதுமைக்கும் பொதுவான நெறி என்பது இதனாற் பெறப்படும்.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல், பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரால் ஆட்டப்பெறுகின்றது. இவற்றுள் துவர் என்னும் சொல் கருதத்தக்கது. அது சுவையின் பெயர். தோலைச் சுருக்கி இறுகச் செய்யும் தன்மையின் பெயருமாம். இன்று முகங்கழுவும் நீர்மங்களின்மேல் ‘ஆஸ்ட்ரிஞ்சென்ட்’ என எழுதப்படுவது இத்தன்மையே. தமிழில் நேர்ச்சொல் இருக்கவும் அது பெட்டிமேல் ஏறவில்லை.

சீவக சிந்தாமணியிற் குணமாலையார் இலம்பகம் மற்றொரு சான்று தருகின்றது. குணமாலைக்கும் சுரமஞ்சரிக்கும் யார் சுண்ணம் சிறந்தது என்னும் பூசல் எழ, சீவகன் இரண்டனையும் வானில் தூவுகின்றான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே மொய்க்கின்றன. சுரமஞ்சரியின் சுண்ணம் மழைக்காலத்தில் இடிக்கப்பட்டமையால் தாழ்ந்தது எனக் காரணமும் கூறப்படுகின்றது. உடையவள் சொல்லும் புகழ்ச்சி ஈண்டுச் சான்றாகவில்லை. பொருளைச் சோதித்து, செய்முறையை வினவி, அதன் பின்னரே தீர்ப்புக் கூறப்பட்டது. ஒப்பனைப் பொருளை மதிப்பிடும் முறைக்கு இஃது இன்றும் பொருந்துவதாகும்.

நத்தம் வட்டாரத்து வழக்கு

மேற்கே சிறுமலையும் வடக்கே கரந்தமலையும் தெற்கே அழகர்மலையும் சூழ்ந்த ஊர் நத்தம். அங்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கப்பெறும் குளியற் பொடிச் சரக்குகளின் பெயர்களை நோக்குவாம். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைப்பொடி. வறண்ட நிலத்து மரமாகிய உசிலை இப்பகுதிகளுக்கு உரியது. சீயக்காய் என்பதைச் சிகைக்காய் என்பதன் திரிபாகக் கொள்வார் உளர். இவ்விரண்டும் நீரில் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குதற்குச் சபோனின் என்னும் வேதிப்பொருளே காரணம். நுரை என்பது சோப்புக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

சோப்பைக் குறிக்கும் சவுக்காரம் என்னும் சொல்லினுள்ளே காரம் என்னும் உறுப்பு நிற்கின்றது. அப்பொருளின் இயல்பும் அதுவே. நலமுள்ள தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்னும் பி.எச். எண்ணுடன் சிறிது அமிலத்தன்மை உடையது. வழக்கமான சோப்போ 9 முதல் 10 வரையிலான காரத்தன்மை உடையது. அடிக்கடி சோப்பிட்டபின் தோல் வறண்டு இழுப்பதன் காரணத்தை அப்பழைய சொல் முன்னரே கூறிவிட்டது. ‘ஷாம்பு’ என்னும் சொல்லோ வேறு நெறியில் வந்தது. அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லினின்று பிறந்த அது, 1814-இல் சேக் தீன் மகமது என்னும் இந்தியர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நிறுவிய குளியலகத்தின் வழியே அந்நாட்டிற் பரவியது. பின்னரே தலைகழுவும் நீர்மத்திற்குப் பெயராயிற்று.

கஸ்தூரி மஞ்சள் என்பது மணம்பற்றி வந்த பெயர். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உட்பகுதி வெளிர்நிறமானது; கற்பூரம் போன்ற மணமுடையது; மேனியில் மஞ்சட்கறை படியவிடாதது. எனினும் பளிச்சென்ற மஞ்சள் நிறமுடைய வேறொரு கிழங்கின் பொடியே பல கடைகளில் இப்பெயரால் விற்கப்படுகின்றது. ‘மஞ்சள்’ என்னும் பின்மொழியை மட்டும் நம்பி வாங்குவார், நிறம் மிக்கதையே உண்மைப்பொருள் எனக் கொள்கின்றனர்.

கார்போக அரிசி இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. பெயரில் அரிசி இருப்பினும் இது நெல்லரிசியன்று. ஒரு செடியின் கருநிற விதை. இவ்விதையினின்று பிரித்தெடுக்கப்பட்ட பகுசியால் என்னும் பொருள், இன்று சுருக்கம் நீக்கும் விலையுயர்ந்த பூச்சுகளில் இடம்பெறுகின்றது. பாகுசி என்னும் வடமொழிப் பெயரே அதன் மூலம். நத்தத்துக் கடையிற் சில்லறைக்குக் கிடைக்கும் விதை அயல்நாட்டுச் சிமிழில் வேற்றுப்பெயரோடு திரும்பி வருகின்றது. ஆயின் அவ்விதையிற் சோராலென் என்னும் மற்றொரு பொருளும் உண்டு. அது தோலிற் பட்டபின் வெயில் காயின் தோல் எரிந்து கருத்தல் கூடும். ‘மூலிகை’, ‘இயற்கை’ என்னும் சொற்கள் பொருளின் பிறப்பைக் கூறுவன அல்லது, தீங்கின்மையைக் கூறுவன அல்ல என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாம்.

பெயர் நிற்கப் பொருள் மாறுதல்

‘மஞ்சள் பூசினாள்’ என்பதைப் பண்பாகுபெயருக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி இலக்கண நூல்கள் காட்டும். நிறத்தின் பெயர் கிழங்குக்கு ஆயிற்று. ஆகுபெயரில் ஒரு தொடர்பு வேண்டும். நிறமும் கிழங்கும் பிரியாதிருத்தல் வேண்டும். அத்தொடர்பை அறுத்து, கிழங்கின்றி நிறத்தை மட்டும் தருவது கலப்படம். ஈயக் குரோமேட்டு என்னும் மஞ்சள் வண்ணப்பொருள், மஞ்சளின் நிறத்தை மிகுவித்தற்பொருட்டு அதனோடு கலக்கப்பட்டமை வங்காளதேசத்தில் நிகழ்ந்த ஆய்வால் 2019-இல் வெளியாயிற்று. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

குங்குமம் என்னும் சொல் முதற்கண் குங்குமப்பூவைக் குறித்தது. பின்னர், மஞ்சளினின்று செய்யப்பெறும் செம்பொடி அப்பெயரைப் பெற்றது. மஞ்சள் சுண்ணாம்பு, வெண்காரம் முதலியவற்றோடு சேருங்கால் செந்நிறம் பெறும் இயல்பினது. இன்று செயற்கைச் சாயமூட்டிய மாவும் அப்பெயராலேயே வழங்குகின்றது. வடநாட்டில் வகிட்டில் இடும் செந்தூரத்திலும் இந்நிலையே காணலாம். 2017-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டிலும் இந்தியாவிலும் வாங்கப்பெற்ற செந்தூரப் பொடிகள் பலவற்றில் ஈயம் இருத்தல் கண்டறியப்பட்டது.

பொட்டு என்பது வடிவின் பெயர் மட்டுமே. ஆதலின் சாந்துப் பொட்டு ஒட்டுப்பொட்டாக மாறியபோதும் பெயர் மாறவேண்டிய தேவை எழவில்லை. ஆயினும் நெற்றியிற் படும் பொருள் முற்றும் மாறிவிட்டது. ஒட்டும் பசைகள் சிலவற்றிலுள்ள பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்பீனால் என்னும் வேதிப்பொருள், பொட்டு இடும் இடத்திலேயே தோலின் நிறம் இழக்கச் செய்யவல்லது. நெற்றியில் வெண்புள்ளி தோன்றியபின் அதனைப் பரம்பரை நோயென ஐயுற்று வருந்தும் பெண்ணுக்கு, பொட்டு என்னும் சொல்லினுள் பசை என்னும் பொருள் மறைந்து கிடத்தல் தெரிவதில்லை.

மருதாணியும் அத்தன்மைத்தே. மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பு. ‘கருமருதாணி’ எனப்படுவதன் கருமை, பெரும்பாலும் பாரா-பினைலின்டையமின் என்னும் முடிச்சாயத்தினால் வருவது. அது தோலிற் கொப்புளம் எழுப்புதல் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை தோன்றின் அது வாழ்நாள் முழுதும் தொடர்தலும் உண்டு.

உறுதிமொழியே பெயராதல்

இனிப் பெட்டியின் முன்புறப் பெயர்களை நோக்குவாம். சிவப்பழகு, பொலிவு, பளபளப்பு என்பன பொருளையோ வடிவையோ வினையையோ கூறுவன அல்ல. வாங்குவாரின் விருப்பத்தையே பெயராக்கி அவர்க்கே திருப்பித் தருவன. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் பூச்சு, 2020-இல் ‘குளோ அண்டு லவ்லி’ எனப் பெயர் மாற்றப்பட்டது. நிறவேற்றுமையைப் புகழும் சொல்லொன்று நீங்கியது வரவேற்கத்தக்கதே. எனினும் வெண்மை என்னும் சொல் போய்ப் பொலிவு என்னும் சொல் வந்தமையால், பூச்சினுள் இருப்பது யாது என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிடவில்லை.

அவ்வினாவை எழுப்பாமையின் விளைவைக் கேரளத்து மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லிற் கண்டனர். 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 22 பேரிடம் சவ்வுச் சிறுநீரக நோயைக் கண்டனர். அவருள் 15 பேரிடம் அரிதாகிய ஒருவகை இருந்தது. அப்பதினைவருள் 13 பேர் நோய்க்கு முன் சிவப்பழகுப் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள். அப்பூச்சுகளிலுள்ள பாதரசமே காரணம் என மருத்துவர்கள் கருதினர். பாதரசம் தோலின் கருநிறமி உண்டாதலைத் தடுப்பது. ஆகலின் முகம் வெளிறும். உட்புகுந்த நஞ்சோ சிறுநீரகத்திற் சேரும். இந்திய ஒப்பனைப் பொருள் விதிகள் (2020) பாதரசத்தை வேண்டுமென்றே சேர்த்தலைத் தடுக்கின்றன. தற்செயலாகக் கலப்பதும் கண்பகுதிக்கல்லாத பூச்சுகளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினை மீறலாகாது.

தமிழாசிரியர் ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. பாதரசச் சேர்மங்களைப் பிரித்தறியச் சித்தமருத்துவத்தார் தனித்தனிப் பெயர்களை ஆண்டனர். உலோகம் இரசம், அதன் கந்தகச் சேர்மம் இலிங்கம், குளோரைடு வகைகள் பூரம், வீரம். இவற்றுட் பூரம் என்பதே அயல்நாட்டுப் பூச்சுப் பெட்டிகளிற் ‘கேலோமல்’ என வருவது. கேலோமல் என்னும் பெயரை நத்தத்திற் கடையில் நிற்கும் பெண் ஒருத்தி அறியாள். பூரம் என எழுதியிருப்பின், நாட்டு மருந்து அறிந்த முதியவர் ஒருவரேனும் அதனைத் தடுத்திருப்பர். சொல் இல்லாமையன்று, இருக்கும் சொல் உரிய இடத்தில் இல்லாமையே குறை.

பின்புறப் பெயர்களைப் படிக்கும் முறை

பின்புறப் பட்டியலைப் படித்தல் கடினமன்று. நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்பட்ட பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்பெறும். அதற்குட்பட்டவை எம்முறையிலும் வரலாம். ஆதலின் முகப்பில் ‘சந்தனம்’ எனப் பெரிதாக எழுதிப் பட்டியலின் இறுதியில் அதனைக் காட்டும் பெட்டியில், சந்தனம் பெயரளவிற்கே உண்டு என்று உணரலாம். முதலில் நிற்கும் அக்வா என்பது நீர். குர்குமா லோங்கா என்பது மஞ்சள். செசமம் இண்டிகம் என்பது எள். கோகஸ் நூசிபெரா என்பது தென்னை. லாசோனியா இனெர்மிஸ் என்பது மருதாணி. நம் வீட்டுப் பொருள்களே நமக்கு அயலாராய் அப்பட்டியலில் நிற்கின்றன. ‘பர்ஃபியூம்’ என்னும் ஒரு சொல்லோ பல மணப்பொருள்களைத் தன்னுள் அடக்கி மறைப்பது. ஒவ்வாமை உடையார் அதன்பால் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

வேதிப்பெயர்களும் ஆராயின் காரணப்பெயர்களே. கிளிசரின் இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. வைட்டமின் ஈ எனப்படும் டோகோபெரால், மகப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. வினைபற்றித் தமிழில் இவற்றை வகைப்படுத்தலும் எளிது. கிளிசரின்போல் நீரை ஈர்த்து வைப்பன ஈரமீர்ப்பிகள். பெட்ரோலேட்டம்போல் மேற்படர்ந்து ஈரம் வெளியேறாமற் காப்பன ஈரங்காப்பிகள். எண்ணெய்கள்போல் தோலை நெகிழ்விப்பன மென்மையாக்கிகள். அழுக்கை நீரோடு கலந்து நீக்குவன அழுக்ககற்றிகள். கெடாமற் காப்பன பதங்காப்பிகள். இவ்வைந்து சொற்களையும் அறிந்தவர், ஒரு பட்டியலின் பெரும்பகுதியைப் பொருளுணர்ந்து படித்தல் கூடும்.

முடிவுரை

ஒப்பனைச் சொற்களைத் தொகுக்கும் பணி இலக்கியத்தோடு நின்றுவிடுதல் போதாது. சாந்து, சுண்ணம், துவர் என்பவற்றுக்குப் பொருளெழுதும் அகராதியே பூரத்திற்கும் கேலோமலுக்கும் உள்ள தொடர்பையும், மருதாணிக்கும் கருமருதாணிக்கும் உள்ள வேற்றுமையையும் கூறுதல் வேண்டும். வட்டாரச் சரக்குப் பெயர்களைத் திரட்டும் மாணவர், ஒவ்வொரு பெயரோடும் அப்பெயரால் இன்று விற்கப்படும் பொருள் யாது என்பதையும் செடிநூலார் துணைகொண்டு பதிவு செய்தல் வேண்டும். முடிச்சாயத்தின் எச்சரிக்கையை வட்டாரமொழியிலும் எழுதவேண்டும் எனச் சட்டம் விதித்திருத்தல், பெட்டிமேல் தமிழுக்கு இடமுண்டு என்பதற்குச் சான்று. அவ்விடத்தை நிரப்பும் சொற்கள் உறுதிமொழிச் சொற்களாக அன்றிப் பொருட்சொற்களாக அமைதல் வேண்டும். அவற்றை ஆய்ந்து தருதல் தமிழ்த்துறைகளின் கடனாகும்.