தைப்பூசமும் தவறான எண்ணங்களும்

தை மாதம் பிறந்துவிட்டால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள முருகன் ஆலயங்கள் விழாக்கோலம் பூணுகின்றன. பத்துமலை, பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, சிங்கப்பூர் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் ஆகிய திருத்தலங்களை நோக்கிப் பக்தர்கள் பெருந்திரளாகச் செல்கின்றனர். பால்குடங்களும் காவடிகளும் செல்லும் வழியெங்கும் விழாவைப் பற்றிய செய்திகளும் வாய்வழியே உடன் செல்கின்றன. அவற்றுள் உண்மைகளும் உண்டு. உண்மையைப் போலத் தோன்றுவனவும் உண்டு.

பொய் சொல்ல வேண்டும் என்ற நோக்கத்துடன் எவரும் அவற்றைச் சொல்வதில்லை. பெற்றோர் சொன்னதைப் பிள்ளைகளும், மூத்தோர் சொன்னதை இளையோரும் அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர். ஆயினும் தவறான எண்ணம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை அறிந்துகொண்டால், எவர் மனத்தையும் புண்படுத்தாமல் தவற்றைத் திருத்த முடியும்.

பிறந்தநாள் விழாவா?

தைப்பூசம் முருகப்பெருமானின் பிறந்தநாள் என்பது பலரும் சொல்லும் செய்தி. சூரபதுமனை எதிர்க்கப் புறப்பட்ட முருகப்பெருமானுக்கு அன்னை பராசக்தி வேல் வழங்கிய திருநாளே தைப்பூசம் என்பது மரபு. அவர் அவதரித்த நாளாகப் போற்றப்படுவது வைகாசி விசாகம். சூரனை வென்ற நிகழ்ச்சி ஐப்பசி மாதத்துக் கந்த சஷ்டி விழாவில் நினைவுகூரப்படுகிறது.

இந்தத் தவறு எவ்வாறு பரவியது? இந்நாடுகளில் பல இனத்தவர் அருகருகே வாழ்கின்றனர். பள்ளியிலோ பணியிடத்திலோ வேற்றினத் தோழர் ஒருவர், "இன்று என்ன விழா?" என்று கேட்டால், சுருக்கமாகவும் எளிதாகவும் ஒரு விடை தேவைப்படுகிறது. வேல் வாங்கிய வரலாற்றை விளக்க நேரம் பிடிக்கும். பிறந்தநாள் என்றால் எவருக்கும் உடனே விளங்கிவிடும். எளிமைக்காகச் சொல்லப்பட்ட விடை, ஆண்டுதோறும் சொல்லப்பட்டு, பின்னர்ச் சொல்பவர்களுக்கே உண்மையாகிவிட்டது. சுற்றுலா நூல்கள் சிலவும் அதையே அச்சிட்டன.

திரும்பத் திரும்பக் கேட்கும் செய்தி உண்மையெனத் தோன்றுவது மனித மனத்தின் இயல்பு. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர்களான ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டாப்பினோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை எடுத்துக்காட்டியது. மாணவர்களிடம் பல கூற்றுகளைச் சில வார இடைவெளியில் மும்முறை கொடுத்து, அவை எந்த அளவுக்கு உண்மையாக இருக்கக்கூடும் என்று மதிப்பிடச் செய்தனர். மீண்டும் மீண்டும் இடம்பெற்ற கூற்றுகளின்மீது நம்பிக்கை கூடியது. அவற்றில் பொய்யான கூற்றுகளும் இருந்தன.

இந்தியாவில் தடையா?

தைப்பூசம் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது என்பது அடுத்த செய்தி. இதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. பழனியில் தைப்பூசம் கொடியேற்றம், திருக்கல்யாணம், தேரோட்டம் என்று பத்து நாள் விழாவாக நடைபெறுகிறது. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி சுமந்து பாதயாத்திரையாகப் பழனிக்குச் செல்கின்றனர். வடலூரில் இராமலிங்க அடிகளார் நிறுவிய சத்திய ஞான சபையில் அந்நாளில் சோதி தரிசனம் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தைப்பூசம் அரசு பொது விடுமுறையாகவும் உள்ளது.

பழனிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் நடைப்பயணமாகச் செல்பவர்கள். இங்கே காணப்படும் உயர்ந்த அலகுக் காவடிகளை அங்கே அதே அளவில் காண இயலாது. பத்துமலையை மட்டும் பார்த்த வெளிநாட்டுப் பயணி, இந்தக் காட்சி பிற இடங்களில் இல்லையென்றால் அது தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறார். அலகு குத்திக்கொள்ளும் வழக்கமோ தமிழ்நாட்டில் பங்குனி உத்திரத்திலும் ஆடி மாத அம்மன் விழாக்களிலும் இன்றும் உண்டு. "தாய்நாட்டிலேயே இல்லாத சிறப்பு இங்கே இருக்கிறது" என்ற பெருமிதமும் இந்த எண்ணத்திற்குத் துணை நிற்கிறது. பெருமை தரும் செய்தியை யாரும் எளிதில் ஐயுறுவதில்லை.

நேற்றைய உண்மை

சில செய்திகள் தொடக்கத்தில் உண்மையாகவே இருந்தவை. 2006ஆம் ஆண்டு ஜனவரியில் பத்துமலை அடிவாரத்தில் 140 அடி உயர முருகன் சிலை திறக்கப்பட்டபோது, உலகிலேயே உயரமான முருகன் சிலை என்ற பெருமை அதற்கு இருந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் முத்துமலை முருகனுக்கு 146 அடிச் சிலை குடமுழுக்குக் கண்டது. பழைய செய்தியைச் சொல்பவர் பொய்யர் அல்லர். அவர் அறிந்த உண்மைக்கு வயதாகிவிட்டது, அவ்வளவே. 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கண்டுவரும் பத்துமலையின் பெருமை ஆறு அடியால் குறைந்துவிடப் போவதும் இல்லை.

அலகு இருந்தால்தான் காவடியா?

தோளில் சுமை தாங்கும் தண்டே காவடி. சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளை இடும்பன் தண்டின் இரு முனைகளிலும் கட்டிச் சுமந்து வந்த கதையே காவடி வழிபாட்டிற்கு மூலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் சுமை உண்டு, அலகு இல்லை. பால் காவடி, பன்னீர்க் காவடி, புஷ்பக் காவடி, மயில் காவடி என வகைகள் பல. அலகு குத்துதல் அவற்றோடு சேர்ந்துவந்த நேர்த்திக்கடன்களுள் ஒன்று.

ஆனால் நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் இடம்பெறும் படங்கள் பெரும்பாலும் அலகுக் காவடிகளே. கண்ணைக் கவர்வது நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்பதே விழாவின் முழு வடிவம் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அதனால் பால்குடம் ஏந்தி 272 படிகளை ஏறும் தாய்மார், தங்கள் காணிக்கை சற்றுக் குறைவானதோ என்று எண்ணும் நிலை ஏற்படுகிறது. அவ்வாறு எண்ண வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

குருதியும் பழிச்சொல்லும்

மேற்சொன்னவற்றால் பெருந்தீங்கு எதுவும் இல்லை. ஆனால் ஓர் எண்ணம் மட்டும் மனிதரை நேரடியாகப் புண்படுத்துகிறது. விரதம் தூய்மையாக இருந்தவருக்கு அலகு குத்தும்போது இரத்தம் வராது என்பதும், இரத்தம் வந்தால் அவர் விரதத்தில் தவறியவர் என்பதுமே அது.

பெரும்பாலோருக்கு இரத்தம் அதிகம் வருவதில்லை என்பது உண்மைதான். கூர்மையான மெல்லிய அலகு தசையை அறுப்பதில்லை. இழைகளை விலக்கிக்கொண்டு செல்கிறது. உள்ளே நிற்கும் அலகே துளையை அடைத்துக்கொள்கிறது. முதுகில் மாட்டப்படும் கொக்கிகள் தோலோடு நின்றுவிடுகின்றன. மன எழுச்சியின்போது சுரக்கும் அட்ரினலின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. அலகை எடுத்தபின் திருநீறு வைத்து அழுத்துவதும் குருதியைத் தடுக்கிறது. இவை யாவும் இருந்தும், அலகின் முனை சிறு குழாய் ஒன்றில் பட்டுவிட்டால் இரத்தம் வரும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு அது எளிதில் நிற்காது. இதில் விரதத்தின் குறை எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் இந்த எண்ணம் அழியாமல் இருப்பதற்குக் காரணம், அதைப் பொய்யென்று காட்டவே வழியில்லாமல் அமைந்திருப்பதுதான். இரத்தம் வராவிட்டால் விரதத்தின் வெற்றி. வந்தால் விரதத்தின் தோல்வி. நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் ஒரு கடுஞ்சொல்லோ ஒரு சலனமோ இல்லாதவர் எவரும் இருக்க முடியாது. எனவே தேடினால் ஏதாவது ஒரு குறை கிடைத்துவிடும். எந்த முடிவு வந்தாலும் தன்னையே உறுதிப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தை எந்த அனுபவமும் திருத்துவதில்லை.

முதன்முறையாகக் காவடி எடுக்கும் இளைஞர் ஒருவரின் கன்னத்தில் குருதி துளிர்த்தால், சுற்றி நிற்போரின் பார்வை மாறுகிறது. பல நாள் பசியும் பிரார்த்தனையும் ஒரு துளியால் ஐயத்திற்கு உள்ளாகின்றன. பழிச்சொல்லுக்கு அஞ்சி அவர் காயத்தை மறைக்கவும், முதலுதவியைத் தவிர்க்கவும் நேரலாம். நீரிழிவு உள்ளவரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவரும் அதை வெளியில் சொல்லத் தயங்கலாம். தூய்மை செய்யப்படாத அலகால் மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். விரதம் காக்கும் என்ற துணிவில் இதைப் புறக்கணித்தல் ஆபத்து.

ஆகவே காவடி எடுக்க விரும்புவோர் தம் உடல்நிலையை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். அலகு குத்துபவரிடம் தூய்மையான அலகையே கோர வேண்டும். உடன் செல்லும் உறவினர், குருதி கண்டால் காரணம் தேடாமல் தூய துணியால் அழுத்திப் பிடித்து, முதலுதவிக் குழுவினரை அழைக்க வேண்டும்.

திருத்துவோரும் பணிவுடன் திருத்துதல் நன்று. கூட்டத்தின் நடுவே ஒரு முதியவரை மறுத்துப் பேசினால் அவர் தம் கருத்தை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார். "அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள், அதன் காரணம் இது" என்று தொடங்கினால் செவிசாய்ப்பார். பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்கும்போது வேல் வாங்கிய வரலாற்றையே முழுமையாகச் சொல்லலாம், அதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடமே.

அன்னையிடமிருந்து முருகன் பெற்ற வேலை ஞானவேல் என்று போற்றுவது தமிழர் மரபு. அந்த வேலின் திருநாளில் தவறான எண்ணம் ஒன்றைக் களைவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. விரதம் காத்த ஒருவர்மீது வீண்பழி விழாமல் தடுப்பது அதனினும் சிறந்த தொண்டாகும்.